தாப்பா, தப்பாவ், கூட்டு: பினாங்குக்கு வந்த புது மருமகள்

மலேசியாவுக்கு வந்த புதிதில் சொல் புரியாமல் விழித்த கதைகளை ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டீர்கள், என் பங்குக்கு எங்கள் வீட்டுக் கதை. தம்பி மனைவிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்த புதிதில் அவள் காது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

காய்கறிச் சந்தையில் ஒருநாள் அவள் கொடுத்த சில்லறையில் 20 சென் குறைந்தது. கடைக்கார மலாய் அம்மா சிரித்தபடி "தாப்பா, தாப்பா" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலாயில் 'தாக் அப்பா'. கெடா, பினாங்குப் பக்கம் வாயில் அது 'தாப்பா' என்று சுருங்கிவிடும். இவளோ, "20 சென்னுக்கு இப்படித் தா தா என்கிறாரே அண்ணி!" என்று முகம் சிவந்து 50 வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினாள். அந்த அம்மா கையை ஆட்டி இன்னும் வேகமாகத் "தாப்பா" சொல்ல, இவள் பர்ஸையே கொடுத்துவிடுவாள் போலிருந்தது.

அப்புறம், சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை. பரிமாறும் தமிழ்ப் பையன், "அக்கா, தப்பாவா?" என்றான். "நான் என்ன தப்பு பண்ணேன்? வரிசையிலதானே நின்னேன்?" பொட்டலம் கட்டிக்கொண்டு போவதற்கான சீனச் சொல் அது. 'பொங்குஸ்' என்று மலாயில் கேட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. பாலுக்குச் 'சூசூ' என்று பெயர் கேட்டு, ஊரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் புரையேறியதை நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் அத்தை, "மாசம் 100 வெள்ளி, கூட்டுல சேர்ந்துக்கிறியாம்மா?" என்றபோது, பூசணிக்காய்க் கூட்டுக்கு இவ்வளவா என்று மலைத்தாள். ஊரில் அதுதான் சீட்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலும் 'கூட்டு' என்றே இருக்கிறது. இதை அத்தையிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒன்றுதான் எனக்குச் சுருக்கென்றது. விருந்துக்கு வந்த அவள் அக்காவிடம் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்றேன். "இது என்ன தமிழ்!" என்று சிரித்தார். பசி ஆறுவது தமிழில்லையாம், டிபன் மட்டும் தமிழாம்.

ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது தீபாவளிக்கு முதல் நாள். கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவளைப் பக்கத்து வீட்டு மலாய் அம்மா என்னவென்று விசாரித்தார். இவள் தெரிந்த மலாயில், கோலம் செய்யப்போகிறேன் என்றாள். மலாயில் 'கோலம்' என்றால் குளம். நம் குளம்தான் அங்கே போய் அப்படி ஆனது என்பார்கள். பேரங்காடிகளில் தீபாவளிக் கோலம் பார்த்தவர்தான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை போலும். நாங்கள் இருப்பது 12ஆம் மாடி.

"தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகாதா?" என்று பதறினார்.

"முதலில் தண்ணீர் ஊற்றினால்தான் நன்றாக வரும்" என்று இவள் சமாதானம் சொன்னாள்.

அவர் நேரே காவலாளியைக் கூப்பிடப் போய்விட்டார்.