யூகேட் தேர்வை மீண்டும் எழுதுவதா? – புதுப்பிப்பு

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் முன், தங்கை யூகேட் என்ற மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வை மீண்டும் எழுத வேண்டுமா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இந்த ஆண்டே விண்ணப்பிக்க முடிவெடுத்துள்ளோம். ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரு முறைதான் எழுதலாம், மதிப்பெண்ணும் அந்தச் சுற்றுக்கு மட்டுமே செல்லும் என்பதால், மறுதேர்வு என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தோட்டத்துக் கிளினிக்கில் பணிபுரியும் அப்பா அதற்கும் சம்மதித்தார், தங்கைதான் மறுத்தாள். 2025 முதல் ஒரு பிரிவு நீக்கப்பட்டு மொத்த மதிப்பெண் 3600இலிருந்து 2700ஆகக் குறைந்திருப்பதால், பழைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டுக் கலங்கத் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கே விண்ணப்பிக்கலாம் என்பதால், யூகேட்டை மட்டும் பெரிதாகப் பார்க்காமல் மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். தேர்ச்சிக்கும் மதிப்பளிக்கும் இடங்களைத் தேடி வருகிறோம். இறுதி நாள் அக்டோபர் 15.