எக்ஸெல்லில் வெற்று செல்களைத் தாண்டி செலக்ட் செய்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. மளிகை மொத்தக்கடைக் கணக்கு, நாலாயிரம் வரிகளுக்கு (row) மேல். சி காலத்தில் (column, நெடுவரிசை) வரவுத் தொகை. பணம் வராத நாட்களுக்கு செல் காலியாகவே இருக்கும். சி2-இலிருந்து கடைசி வரி வரை மவுஸைத் தொடாமல் செலக்ட் செய்ய வேண்டும்.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்பு போட்டால் முதல் காலி செல்லுக்கு முன்பே நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப அழுத்தி விரல்தான் வலிக்கிறது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எண்ட் போட்டால் வலப்பக்கக் காலங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஷிஃப்ட் + இடது அம்பால் அவற்றைக் குறைத்துவிடலாம், சரி. ஆனால் யாரோ பத்தாயிரமாவது வரி வரை பார்டர் போட்டு வைத்திருக்கிறார்கள் (புண்ணியவான்!), அதுவரை போய்விடுகிறது.

நேம் பாக்ஸில் (இடது மேல் மூலையில் செல் முகவரி காட்டும் பெட்டி) சி2:சி4200 என்று அடித்தால் வேலை நடக்கும். தினமும் வரி கூடுவதால் எண்ணை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏ காலத்து வரிசை எண்ணில் இடைவெளியே இல்லை. அதை வைத்து ஏதாவது வழி உண்டா?

இன்னொன்று: கன்ட்ரோல் + ஸ்பேஸ் போட்டால் முழு காலமும் செலக்ட் ஆவதில்லை. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறதோ என்று சந்தேகம். யாருக்காவது இப்படி ஆனதுண்டா? மேக்ரோ (எக்ஸெல்லுக்குள் எழுதும் சிறு நிரல்) வேண்டாம், கடைக் கணினியில் அதை முடக்கி வைத்திருக்கிறார்கள்.