ஆயுளுக்கும் ஒரே றிவோல்வர் என்றால் எது?

கோண்டாவில்காரன்:
டெக்சாஸில் இருக்கும் மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிறார். இருக்கிற துவக்குகளை எல்லாம் விற்றுவிட்டு, கடைசிவரைக்கும் ஒரே ஒரு றிவோல்வரை மட்டும் வைத்திருக்கப் போகிறாராம். இரவில் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இதே கதைதான். துவக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா எழும்பிப் போய் கேற்றைப் பூட்டிவிட்டார். எங்கள் ஊரில் அது இன்னும் அப்படித்தான்.

போன வருடம் அங்கே போனபோது அவருடைய இரண்டையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று காற்சட்டைப் பைக்குள் அடங்கும், ஐந்து தோட்டா போடுகிற இலேசான .357 (அது போடும் மக்னம் தோட்டாவின் அளவுப் பெயர்). தூக்கச் சுகம், கடுமையான அந்த மக்னம் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பெருவிரலடி விண்விண் என்று வலிக்கும். மற்றது நாலு அங்குலக் குழல் வைத்த றூகர் ஜீபி100. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பாரமே உதைப்பைப் பாதியாக்கிவிடும். "மச்சான், பாரமானதை வைச்சிரும்" என்றேன். நோகிற துவக்கை யார் ஒழுங்காகச் சுட்டுப் பழகப் போகிறார்கள்?

அதோடு .357 என்றால் இரண்டு தோட்டாவுக்கு ஒரு துவக்கு. 1935 இல் மக்னம் வந்தபோது அதன் பித்தளைக் கோதை, .38 ஸ்பெஷல் என்ற பழைய, மெதுவான தோட்டாவின் கோதைவிட எட்டிலொரு அங்குலம் அளவுக்கு நீளமாக்கினார்கள். அதனால் .38 இதற்குள் போகும், மக்னம் .38 துவக்குக்குள் போகாது. றிவோல்வரில் தோட்டா போடும் உருளை, விரல் இழுக்கிற இழுப்பில் சுற்றுவதால் தோட்டா மெதுவானதோ கடுமையானதோ, அதற்குக் கவலை இல்லை. சுட்ட விசையிலேயே அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டல் அப்படியில்லை, தோட்டாவின் விசை குறைந்தால் சிக்கும்.

வவுனியா மருமகன்:
மாமாவிடம் தோட்டத்துக்குப் பன்றி விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு ஒரு ஷொட்கன் இருக்கிறது. வருடாவருடம் புதுப்பிக்க அலைகிறார். இங்கே ஆயுளுக்கும் என்று நினைத்து எதை வைத்திருப்பது! சரி, ஸ்மித் அன்ட் வெசன் 686 றிவோல்வரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மானிப்பாய்:
நான் ஸ்காபரோவில் இருந்தபோது பழைய ஸ்மித் அன்ட் வெசன் 19 என்ற .357 றிவோல்வர் வைத்திருந்தேன். கையில் அதைப்போல் அழகாக உட்கார்வது வேறொன்றும் இல்லை. ஆனால் இலேசான சன்னம் வைத்த கடும் மக்னமாகவே சுட்டுத் தள்ளினால் குழலின் பின்வாய் கீழ்ப்பக்கம் வெடிக்கக்கூடும். அங்கே உலோகம் மெல்லிசு. அதற்காகத்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய உடம்போடு 686 ஐக் கொண்டுவந்தார்கள். ஜீபி100 அல்லது 686, இரண்டில் எதுவும் சரி. எனக்கு ஜீபி100, உடம்பின் பக்கத்தில் திருகிப் பூட்டிய தகடு இல்லை, கழற்றித் துடைக்கச் சுலபம். என்னுடையதை ஊருக்கு வரமுதலே விற்றுவிட்டேன், நல்லகாலம்; 2022 ஒக்ரோபருக்குப் பிறகு கனடாவில் கைத்துப்பாக்கி கைமாற்ற ஏலாது.

ஒன்று: .38 நிறையச் சுட்டால் உருளைத் துளைகளுக்குள் கரி வளையமாகப் படியும். பிறகு மக்னம் உள்ளே போக முரண்டு பிடிக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கோ.