இரண்டாம் நாளே நின்ற கப்பலுக்குக் கடலைக் குறை சொல்லாதீர்கள்

வடமராட்சி:
நேற்று ஒரு பயணக் குறிப்பின் கீழே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு ஓடும் கப்பல் நம்பிப் போகக்கூடிய சேவைதானாம், கடல் குழம்பினால் மட்டும்தான் நிற்குமாம், யாழ்ப்பாணத்தாருக்கு எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் பழக்கமாம். எழுதியவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். 2023 ஒக்டோபர் 14 சனிக்கிழமை, செரியபாணி என்ற அதிவேகக் கப்பலை இந்தியப் பிரதமர் காணொளியில் தொடங்கி வைத்தார். மறுநாள் 15ஆம் திகதி கப்பல் வரவில்லை. பதிந்த ஆட்கள் போதாது என்று நிறுத்தினார்கள். தினமும் ஓடும் என்றது வாரத்துக்கு மூன்று நாள் என்றானது, 20ஆம் திகதியோடு பருவமழையைச் சொல்லி அதுவும் நின்றது. சரி, 20ஆம் திகதியைக் கடல் தலையில் போடுங்கள். 15ஆம் திகதியை யார் தலையில் போடுவீர்கள்?

கடுவையாறு:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். நாற்பது வருடத்துக்குப் பிறகு திறந்த ஒரு கடல்வழியை முதல் வாரத்தை வைத்து எடை போடுகிறீர்கள். கப்பல் உள்ளே வர எங்கள் ஆற்று முகத்துவாரத்தைத் தோண்டி ஆழப்படுத்தினார்கள், குடியுரிமைச் சோதனை, சுங்கம் எல்லாம் புதிதாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இதெல்லாம் உங்கள் கண்ணில் படாது. நாகையில் ஐப்பசி, கார்த்திகைக் கடலை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? விசைப்படகுக்காரரே கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் ஓடியது, நவம்பரில் மழைக்கு நிறுத்தி 2025 பிப்ரவரி 22ல் மறுபடி விட்டார்கள். பருவத்துக்கு நிற்கிறது, பருவம் முடிந்தால் ஓடுகிறது. இதில் என்ன நம்பிக்கைத் துரோகம்?

வடமராட்சி:
15ஆம் திகதிக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

சிவகங்கைக்கு வருவோம், நீங்களே இழுத்துவிட்டீர்கள். அந்தக் கப்பல் 2024 மே 13 அன்று தொடங்கும் என்றார்கள். ஆட்கள் காசு கட்டினார்கள். பிறகு திகதி தள்ளியது, திரும்பவும் தள்ளியது, கடைசியில் ஓகஸ்ட் 16. மே மாதத்தில் உங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறதா ஐயா? 2025லும் பிப்ரவரி 12 என்று சொல்லித்தான் 22 ஆனது.

எங்கள் மாமி ஒருத்தி, தமையன் குடும்பம் திருச்சியில். அங்கே பேத்திக்குக் கல்யாணம். பருத்தித்துறை வடை இரண்டு பேணி, பனங்கட்டி, ஒடியல் மா, எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டியைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் விலாசம் எழுதி ஒட்டி விறாந்தையில் வைத்திருந்தார். முதல் நாள் இரவு டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் தொலைபேசியில் அழைத்து, நாளைக்குக் கப்பல் இல்லை, அடுத்தது எப்போது என்று பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு சொல்லவே இல்லை. கடன்பட்டுப் பலாலியில் விமானம் ஏறப் போனால் அங்கே பாரம் கூட என்று வடைப் பேணியை இறக்க வைத்தார்கள். அந்த மனிசி வடைக்கு அழவில்லை. தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார், அதற்கு அழுதார். அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, இங்கே கரையிலிருந்து பார்த்தவன் நான்.

என்ஜின் ரூம்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். கப்பலில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். அதிவேகப் பயணிகள் கப்பலுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. சாதாரணக் கப்பல் சான்றிதழோடு அது முடியாது. எந்த வழியில் ஓடலாம், அலை எவ்வளவு உயரம் வரை புறப்படலாம் என்று இயக்க அனுமதியிலேயே எழுதியிருக்கும். ஒதுங்கும் துறையிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்கு மேல் விலகிப் போகவும் கூடாது. வேகத்துக்காக எடையைக் குறைத்துக் கட்டுகிறோம், அதனால் கனமான பழைய கப்பல் ஆடிக்கொண்டே போய்விடும் அலையில் இது போகக் கூடாது. தூக்கித் தூக்கிப் போடும், ஆட்கள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிடுவார்கள், அடிப்பாகத்தில் அடி விழும். இன்னொன்று, இந்த வழியில் ஒரு கப்பல்தான். அது பழுதுக்கோ சான்றிதழ் புதுப்பிக்கவோ போனால் மாற்று இல்லை. ஒற்றைக் கப்பலை வைத்துக்கொண்டு கால அட்டவணை போடுவதுதான் அடிப்படைத் தப்பு.

வடமராட்சி:
தம்பி சொன்னது நல்ல விளக்கம். ஆனால் கரையில் கப்பல் சும்மா நின்ற 15ஆம் திகதிக்கு இதில் எந்த விதி பொருந்தும்? அலை அளவா, நான்கு மணி நேரமா? ஆள் இல்லாததால் ஓடவில்லை என்று அவர்களே சொல்லியிருக்கும்போது நீங்கள் ஏன் அலையை அளக்கிறீர்கள்?

வேகம் வேகம் என்று ஏன் சாகிறோம் என்பதும் எனக்கு விளங்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். போட் மெயில் என்றால் எங்கள் அப்பாவின் தலைமுறைக்குத் தெரியும். மெதுவான கப்பல்தான், ஆனால் அதை நம்பி ஆட்கள் படிக்கப் போனார்கள், வியாபாரம் செய்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோகும் வரைக்கும் அந்த வழி இருந்தது. மூன்றரை மணியில் போகலாம் என்று விளம்பரம் செய்து மூன்று மாதம் கரையில் நிற்பதைவிட, எட்டு மணி எடுத்தாலும் சொன்ன நாளில் புறப்படுகிற ஒரு கனத்த கப்பல் எங்களுக்குப் போதும்.

கடுவையாறு:
தனுஷ்கோடி - தலைமன்னார் குறுகிய கடல், நாகை - காங்கேசன்துறை கிட்டத்தட்ட 60 கடல் மைல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு எங்களுக்கு வரலாறு சொல்லித்தருகிறீர்கள். கனத்த கப்பலும் விட்டுப் பார்த்தாயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு, ஸ்கோஷியா பிரின்ஸ், பெரிய கப்பல். அதே வருடம் நவம்பரில் நின்றது. பெரிய கப்பல் என்றால் பெரிய செலவு, ஆள் ஏறாவிட்டால் அதுவும் நிற்கும். முதலில் ஏறுங்கள், பிறகு குறை சொல்லுங்கள்.

வடமராட்சி:
ஆக, ஆள் ஏறாததால்தான் நின்றது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. 15ஆம் திகதிக்குக் காரணம் கடல் இல்லை.

கடுவையாறு:
நான் சொன்னது 2011 பற்றி! படிக்கத் தெரிந்தவர்களோடுதான் விவாதம் செய்ய முடியும்.

கவரத்தியில் வேலை:
நான் நாகர்கோவில்காரன், லட்சத்தீவில் ஒப்பந்த வேலை. நீங்கள் அடித்துக்கொள்ளும் செரியபாணி யாருடைய கப்பல் என்று யாரும் கேட்கவில்லை. அது இந்தத் தீவுகளுக்காக ஓடிய கப்பல், பெயரே இங்குள்ள ஒரு பவளத்திட்டின் பெயர். மக்கள் வசிக்கும் பத்துத் தீவுகள், கொச்சிக்குப் போக கப்பலை விட்டால் பெரும்பாலோருக்கு வழியில்லை. 2021 டிசம்பரில் எம்.வி. கவரத்தி என்ற பெரிய கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. அதன் பிறகு டிக்கெட்டுக்கு ஆட்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கீமோவுக்குக் கொச்சி போக வேண்டிய ஒரு பெரியவர் கவுண்டர் வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். அப்படிப்பட்ட இடத்தின் கப்பலை உங்கள் திறப்புவிழாவுக்குக் கொண்டுவந்தீர்கள், இரண்டாம் நாள் ஆள் இல்லாமல் சும்மா நிறுத்தினீர்கள். எனக்கு இரண்டு பேர் மேலும்தான் கோபம்.

கடுவையாறு:
கப்பலை அனுப்பியது நானா? எதற்கு எங்கள் ஊர் மேல் கோபப்படுகிறீர்கள்? நாகப்பட்டினத்துக்கு ஒரு நல்லது வந்தால் சென்னைக்காரன் பொறுக்க மாட்டான், தூத்துக்குடிக்காரன் பொறுக்க மாட்டான், இப்போது நாகர்கோவில்காரரும் சேர்ந்துவிட்டார். சுனாமியில் எங்கள் ஊர் பட்டது தெரியுமா உங்களுக்கெல்லாம்? அப்போதிருந்து ஒரு தொழில், ஒரு போக்குவரத்து வராதா என்று காத்திருந்த ஊர் இது. சோழர் காலத்தில் கீழைக் கடல் முழுக்கக் கப்பல் விட்ட துறைமுகம். எங்களுக்குக் கப்பலோட்டக் கற்றுத்தர வேண்டாம்.

வடமராட்சி:
சோழர் வந்துவிட்டார்களா, சரி. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஓட்டியவர்களில் எங்கள் ஊர் ஆட்கள் இருந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கதை இல்லை, ஊரில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கடல் எப்போது போகவிடும், எப்போது விடாது என்று எங்களுக்கு நாகையிலிருந்து சொல்லத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், 15ஆம் திகதி கடல் போகவிட்டது.

நெடுந்தீவார்:
இவ்வளவு நேரம் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். வடமராட்சி அண்ணை, உங்கள் மாமிக்கு நடந்தது கவலைதான். ஆனால் நீங்கள் இந்தியா போகிற கப்பலுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள், குறிகாட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு நாங்கள் எதில் போகிறோம் என்று என்றாவது எழுதியிருக்கிறீர்களா? குமுதினி, வடதாரகை, 2017இல் வந்த நெடுந்தாரகை. புதுக் கப்பல் வந்தால் மாலை போட்டுப் படம் எடுக்க எல்லாரும் வருவார்கள். அது திருத்த வேலைக்குப் போய்விட்டால் ஒருவரும் வருவதில்லை. காற்றுக் காலத்தில் பிரசவ வலி வந்த பெண்ணைச் சின்னப் படகில் கிடத்தி, அலை உள்ளே அடிக்கும்போது தறப்பாளால் மூடிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறோம். எங்களுக்கு அதிவேகமும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம். படிப்பிக்க வரும் வாத்தியார் காலையில் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் எங்கள் சனத்தை வெட்டிக் கொன்றார்கள். அதே குமுதினியில்தான் பிறகும் வருடக்கணக்காகப் போய் வந்தோம், வேறு வழி இல்லை.

வடமராட்சி:
குமுதினியைச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது தம்பி. ஆனால் உங்களுடையது உள்ளூர்ப் போக்குவரத்து, அது வேறு பிரச்சினை, தனியாகக் கதைக்க வேண்டியது. இங்கே கேள்வி, ஆட்கள் காசு கட்டிய ஒரு சர்வதேசச் சேவை 15ஆம் திகதி ஏன்

நெடுந்தீவார்:
வேறு பிரச்சினையாம். பெருநிலத்து ஆட்களுக்கு நாங்கள் எப்போதும் வேறு பிரச்சினைதான். பள்ளிக்கூடத்தில் "தீவான்" என்று கூப்பிட்டதும் நீங்கள்தான், பல்கலைக்கழகத்திலும் நீங்கள்தான். உங்கள் கப்பல் ஒரு நாள் வராவிட்டால் அது சர்வதேசப் பிரச்சினை. எங்களுடையது நின்றால் உள்ளூர். நல்லது.

வடமராட்சி:
நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பாதி வசனத்தில் அனுப்பப்பட்டுவிட்டது, அதற்குள் சண்டைக்கு வருகிறீர்கள். ஏன் கேட்கிறேன் என்றால், காரணத்தை ஒழுங்காகச் சொல்ல வைக்காவிட்டால் நாளைக்கு உங்கள் குறிகாட்டுவானிலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். ஆள் இல்லை, டீசல் செலவு, உதிரிப்பாகம் வரவில்லை, எல்லாவற்றையும் காலநிலை என்று ஒரு சொல்லில் போட்டு மூடுவார்கள். கரையில் நிற்கிறவனுக்கு எதுவும் கேட்க முடியாது.

கவரத்தியில் வேலை:
இது சரி. இங்கேயும் அறிவிப்புப் பலகையில் தொழில்நுட்பக் காரணம் என்று மட்டும்தான் எழுதுவார்கள்.

கடுவையாறு:
ஆளாளுக்கு ஒரு தீவைத் தூக்கிக்கொண்டு வந்து நாகையைத் திட்டுகிறீர்கள். இந்தியப் பக்கத்துத் துறைமுகச் செலவுக்கு இந்திய அரசு மாதாமாதம் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது, கப்பலில் போகிறவர்களுக்குப் புறப்பாட்டு வரியை உங்கள் அரசு குறைத்தது. சேவை நிலைக்க வேண்டும் என்றுதானே செய்கிறார்கள்? முதல் டிக்கெட் வரியோடு 7,670 ரூபாய், அதனால் ஆள் வரவில்லை, அப்புறம் குறைத்தார்கள். வியாபாரம் அப்படித்தான் நிலைக்கு வரும்.

வடமராட்சி:
மறுபடியும் "ஆள் வரவில்லை". இரண்டாவது தரம் எழுதிவிட்டீர்கள். கடல் எங்கே போனது?

என்ஜின் ரூம்:
இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கலாம் என்று ஒருவருமே யோசிக்க மாட்டீர்களா? அலை எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது, உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் எந்த இயக்குநரும் ரத்து செய்வார். நிறைய ஆள் இருந்தால் அதே அலையில் புறப்பட யோசிப்பார், அதுதான் ஆபத்து.

வடமராட்சி:
அப்படியென்றால் அது இன்னும் மோசம். பாதுகாப்பு எல்லை ஆள் கணக்கில் ஏறி இறங்குகிறதா? இதை நீங்கள் பொதுவில் எழுதுகிறீர்கள், கவனம்.

என்ஜின் ரூம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்றே திரிக்கிறீர்கள். இனி இந்த இழையில் எழுத மாட்டேன்.

கடுவையாறு:
ஒரு நல்ல மனிதரையும் துரத்திவிட்டீர்கள். அந்த அன்னபூரணி கதைக்கும் வருகிறேன். அது அமெரிக்கா போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, வழியெல்லாம் நின்று நின்று போனது. அதை வைத்துக்கொண்டு எங்கள் கப்பல் இரண்டு நாள் பிந்தினால் குதிக்கிறீர்கள்.

வடமராட்சி:
அன்னபூரணிக்கு யாரும் டிக்கெட் எடுத்து விறாந்தையில் காத்திருக்கவில்லை. இரண்டு நாளாம்! மே 13க்கும் ஓகஸ்ட் 16க்கும் நடுவில் இரண்டு நாளா? நாகையில் நாட்காட்டி விற்கிறார்களா?

நெடுந்தீவார்:
நாளைக் காலை குறிகாட்டுவானில் கப்பல் இருக்கிறதா என்று தெரிந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கிளினிக்.

கடுவையாறு:
நாட்காட்டி விற்கிறார்கள். வாங்கி அனுப்பவா, விலாசம் கொடுங்கள். கப்பலிலேயே அனுப்புகிறேன்.

வடமராட்சி:
எந்த மாதம் வந்து சேரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.