மறு: ‘பரிசோதனை இசைப்படம்’ வேண்டாம், ‘பாட்டுடைப் படம்’ எப்படி?

பாட்டும் பேச்சும் கலக்கும் விதத்தைப் புதிதாகச் சோதித்துப் பார்க்கும் படங்களை (experimental musical) தமிழில் ‘பரிசோதனை இசைப்படம்’ எனலாம் என்ற யோசனைக்கு என் பதில் இது. ‘இசைப்படம்’ எனக்கு ஒட்டவில்லை. ஒரு பாடகரைப் பற்றிய ஆவணப்படத்தையும் அப்படியே சொல்லிவிடலாம். ‘பாட்டுப்படம்’ இன்னும் சிக்கல், ஆறு பாட்டு இருப்பதாலேயே அடிதடிப் படமும் உள்ளே வந்துவிடும். ‘சோதனை இசைப்படம்’ என்றால் கேட்கவே வேண்டாம், என்ன சோதனையோ என்று அரங்கைவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இந்தப் படங்களில் விஷயமே பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது, அந்தத் தையல் வெளியே தெரிகிறதா என்பதுதான். பிரெஞ்சு இயக்குநர் ழாக் டெமியின் ‘தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்’ (1964) படத்தில் தையலே கிடையாது, சூப்பர் பெட்ரோலா சாதாரணமா என்று கேட்பதுகூட இசையமைப்பாளர் மிஷெல் லெக்ராந்தின் மெட்டில்தான். இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் கொதார் நேர்மாறு: ‘எ வுமன் இஸ் எ வுமன்’ (1961) படத்தில் நாயகி அன்னா கரீனா பாட ஆரம்பித்ததும் பக்க இசையை வெட்டிவிடுகிறார், வெறும் குரல் மட்டும் நிற்கிறது. டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரின் ‘டான்சர் இன் த டார்க்’ (2000) படத்தில் தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தமே தாளமாகி, அதிலிருந்து நாயகியாக நடித்த பாடகி பியோர்க்கின் பாட்டு கிளம்புகிறது.

சரி, பாட்டும் பேச்சும் கலந்த வடிவத்துக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? சிலப்பதிகாரப் பதிகமே தன்னை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’, அதாவது நடுநடுவே உரைநடை வரும் பாட்டுகளை உடைய செய்யுள் என்கிறது. அதிலிருந்து ‘பாட்டுடைப் படம்’. பாட்டுடைத் தலைவன் என்று பள்ளியிலேயே படித்திருப்பதால் காதுக்கும் புதிதில்லை. எனக்குப் பிடித்த காரணம் வேறு: ‘உடை’ என்றால் உடைமை, உடைப்பதும்தான். டெமிக்கு முதல் பொருள், கொதாருக்கு இரண்டாவது. (ஆடை என்று யாராவது கிளம்புவார்கள், டெமி படத்தின் வண்ணங்களைப் பார்த்தால் அதுவும் தப்பில்லை.)

‘பரிசோதனை’, ‘கலைப்பட’ எல்லாம் முன்னால் ஒட்ட வேண்டாம், தேவைப்பட்டால் ‘மாற்றுப் பாட்டுடைப் படம்’ போதும். வசனமே இல்லாமல் முழுக்கப் பாடுவதை ‘முழுப்பாட்டுப் படம்’ எனலாம்.

ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தைவான் இயக்குநர் சாய் மிங்-லியாங்கின் ‘தி ஹோல்’ (1998) படத்தில் ஹாங்காங் பாடகி கிரேஸ் சாங்கின் பழைய பாட்டுகளுக்குத்தான் நாயகி வாயசைக்கிறாள். அது இரவல் பாட்டு, அங்கே ‘உடைமை’ நொண்டுகிறது. ‘இரவற்பாட்டுப் படம்’ என்று எழுதிப் பார்த்தேன், கிண்டல் போல் இருக்கிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.