‘அலசாக் கழுவல்’: உறைகுளிரில் கார் கழுவும் முறைக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1

வணக்கம்.

குளிர்காலக் கார்ப் பராமரிப்புச் சொற்பட்டியலுக்கு ஒரு சொல் வேண்டும். முறை இது: வாளியில் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீர், அதில் சுமார் 40 மி.லி. கழுவும் மருந்து (பல தயாரிப்புகளில் 1-க்கு 256 என்ற விகிதம்). அதில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பேனலை (கதவு, கூரை போன்ற ஒரு பகுதியை) துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு குழாய் நீர் விடும் வேலை கிடையாது. புழக்கத்தில் ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்கிறார்கள். கம்பியிலி போல ‘நீரிலிக் கழுவல்’ என்று வைக்கலாமா? சுருக்கமாக இருக்கிறது.

மடல் 2

> ‘நீரிலிக் கழுவல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம். அந்தச் சொல்லுக்கு உரிய முறை ஏற்கெனவே வேறாக இருக்கிறது. ‘வாட்டர்லெஸ்’ என்பது தெளிப்பான் புட்டியில் அடர்த்தியாகக் கலந்து (1-க்கு 16 அளவில், அரை லிட்டர் புட்டிக்கு ஏறத்தாழ 30 மி.லி.) மேலே தெளித்துத் துடைப்பது. மெல்லிய தூசி படிந்த காருக்கு அது போதும். பனி உருக்கச் சாலையில் இடும் உப்பும் மணலும் காய்ந்து பொருக்காக நிற்கும் காரில் அதைச் செய்தால், நனையாத மணல் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே உருளும். மேல்பூச்சான க்ளியர்கோட்டின் தடிமன் பொதுவாக 40–50 மைக்ரான்தான். அதில் விழும் சுழற்கீறலைப் பாலிஷ் போட்டு எடுப்பதென்றால் அந்தப் பூச்சையே தேய்த்துக் குறைக்க வேண்டும்.

வாளி முறையில் நடப்பது வேறு. கரைசலில் உள்ள பாலிமரும் பரப்பிழுவிசைக் குறைப்பியும் அழுக்குத் துகளைச் சூழ்ந்து பிடித்து, பரப்பை வழுக்கலாக வைக்கின்றன. துணி நிறைய நீர் ஏந்தியிருப்பதால்தான் இது நடக்கிறது. பிழிந்த துணியால் செய்தால் பயன் பாதியாகிவிடும். ஆகவே ‘நீரில்லை’ என்ற பொருள் தரும் எந்தப் பெயரும் வாசகரைத் தவறான புட்டியை எடுக்க வைக்கும். இந்த முறையில் விடுபடுவது நீரல்ல, அலசல். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும். என் பரிந்துரை ‘அலசாக் கழுவல்’. தெளிப்பு முறைக்குத் ‘தெளித்துடைப்பு’ போதும். அதைக் ‘கழுவல்’ என்றே சொல்லாமல் விடுவது நல்லது.

மடல் 3

‘அலசாக் கழுவல்’ எனக்கும் உடன்பாடு. ‘அலசிலி’ என்று ஆக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும்: ‘இலி’ பெயரோடு சேர்வது, கம்பி + இலி என்பதுபோல. அலசு வினை. ‘அலசலிலி’ என்றால் நாக்குப் புரளாது. ‘ஓடாக் குதிரை’, ‘அழியா மை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே இங்கே இயல்பு. வல்லினம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

குளிரில் அலசல் ஏன் தவிர்க்கப்படுகிறது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். குழாயடித்த நீர் கதவு ரப்பர், பூட்டுத் துளை, பக்கக் கண்ணாடி மடிப்பு, எரிபொருள் மூடி ஆகியவற்றில் தேங்கி உறையும். கதவை இழுத்தால் ரப்பர் கிழியும். அலசாக் கழுவலிலும் இந்த இடங்களை மறக்கலாகாது. கதவுகளையும் டிக்கியையும் திறந்து ரப்பரையும் அது அமரும் விளிம்பையும் உலரத் துடைத்து, சிலிக்கோன் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். கடைசியில் காரைச் சிறிது தூரம் ஓட்டி மெதுவாகப் பலமுறை பிரேக் பிடித்தால் தட்டுகள் காயும். சமதளமானால் கியரில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடாமல் விடலாம். ஈரத்தோடு போட்டால் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

நீர் வெதுவெதுப்பாக, 30–40 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் கை விறைக்காமல் வேலை செய்யலாம். கொதிநீர் கூடாது. உறைந்த முன்கண்ணாடியில் அதை ஊற்றினால் வெப்ப அதிர்ச்சியில் விரிசல் விடும்.

மடல் 4

சொல் நன்று. ஆனால் எல்லையை வரையறையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் இது எல்லாவற்றுக்கும் மாற்று என்று எண்ணிவிடுவார்கள். அடிப்பகுதிக்கு அலசாக் கழுவல் பொருந்தாது. சக்கர வளைவு, சேசிஸ், பிரேக் குழாய்களில் ஒட்டும் உப்பை ஓடும் நீர்தான் கரைத்து வெளியேற்றும். பனி உருக்க இடும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உலோகத்தை நனைந்தபடியே வைத்திருக்கின்றன. உப்போடு காரைச் சூடான கராஜில் நிறுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: வெப்பம் கூடினால் அரிப்பும் வேகமாகும். வெளியே உறைந்து கிடக்கும் காரைவிட உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும் கார் விரைவில் துருப்பிடிக்கலாம். ஆகவே சூடேற்றிய கழுவுமிடத்தில் அடிப்பகுதிக்கு அழுத்த நீர், பிறகு மேல்பரப்புக்கு அலசாக் கழுவல் என்ற வரிசை சரி.

பொருக்கு தடித்திருந்தால் மேல்பரப்புக்கும் முதலில் அழுத்த நீர் வேண்டும். அதற்கு ‘முன்னலசல்’ என்று பெயர் வைத்தால் குழப்பம் வருமா? ‘அலசாக் கழுவலுக்கு முன் அலசவும்’ என்று எழுத நேர்கிறது.

மடல் 5

> ‘அலசாக் கழுவலுக்கு முன் அலசவும்’ என்று எழுத நேர்கிறது.

அதனால் அங்கே ‘முன்பீய்ச்சல்’ என்போம். கரைசலையே தெளித்து ஓரிரு நிமிடம் ஊறவிடுவதை ‘முன்னூறல்’ எனலாம். ‘அலசல்’ கழுவிய பின் செய்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு திருத்தம். முதல் மடலில் ‘மருந்து’ என்றிருக்கிறது. அது பொருந்தாது. அதற்கு மாற்றாகக் ‘கழுவி’ என்றால் ‘துணியால் கழுவி எடுக்கவும்’ என்ற வினையெச்சத்தோடு முட்டும். பள்ளி வேதியியலில் அடர், நீர்த்த என்ற பிரிப்பு எல்லாருக்கும் பழக்கம். புட்டியில் வருவது ‘அடர்நீர்மம்’, வாளியில் கலந்தது ‘கரைசல்’. இரண்டையும் ‘கரைசல்’ என்றால் அளவு பிசகும்: அடர்நீர்மம் மிகுந்தால் பிசுக்கும் கோடுகளும் விழும், குறைந்தால் வழுக்கல் போய்க் கீறும். உறைந்து உருகிய அடர்நீர்மம் திரிந்து பிரிந்துவிடக்கூடும். வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

பதிவை இப்படி முடிக்கலாம்:

அலசாக் கழுவல் (பெ.) – அடர்நீர்மம் கலந்த கரைசலில் ஊறிய துணியால் ஒவ்வொரு பேனலாகத் துடைத்து, அலசாமலே உலர்த்தும் முறை. ஒரு துணியை எட்டாக மடித்து, ஒவ்வொரு பேனலுக்கும் புதிய முகத்தைப் பயன்படுத்துவர். அழுக்கான முகத்தை மீண்டும் பெயின்டில் வைப்பதில்லை. கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். பேனலில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால் வெளியில் செய்யக் கூடாது. அடிப்பகுதிக்குப் பொருந்தாது. ஒ.நோ. தெளித்துடைப்பு, முன்பீய்ச்சல், முன்னூறல்.