தோட்டத்துக் கோயிலில் சங்கீத வகுப்பு: எனக்கு ஒத்துவருமா?

மலகரி_பிள்ளை:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு தேவார வகுப்பை எடுக்கச் சொல்கிறார் தலைவர். அப்படியே கர்நாடக சங்கீதமும் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார். ஆரம்பப் பாடங்கள் முடிந்து வரும் வர்ணம் வரை படித்திருக்கிறேன், மேடை ஏறியதில்லை. இப்போது ஃபேக்டரி வேலை. 7 முதல் 12 வயதுக்குள் பதினைந்து பிள்ளைகள் வருவார்களாம். இதுதான் நம் வழியா என்று வேலையை விடுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? எந்தச் சுருதி, எவ்வளவு கட்டணம்?

ஆறரைக்கட்டை:
தங்கச்சி, வேலையை இப்போ விடாதீங்க. மேடை ஏறாதது குறையே இல்லை. பிள்ளையின் ரி (ஸரிகமபதநி-யில் இரண்டாம் சுரமான ரிஷபம்) தப்பு என்று பாடுகிற எவருக்கும் கேட்கும். கூடுகிறதா குறைகிறதா, ஏன், எதைப் பாடவைத்தால் சரியாகும் என்று அந்த இடத்திலேயே சொல்ல வருகிறதா? அதில் உங்களுக்கு அலுப்பு தட்டாமல் இருக்கிறதா? ஆறு பிள்ளைகளோடு மூன்று மாதம் நடத்துங்கள், தெரிந்துவிடும். பதினைந்தையும் ஒன்றாக உட்கார வைத்தால் யார் தப்பு என்றே கேட்காது.

முதலில் மாட்டப்போவது அந்த ரி தான். ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையில் வருவது சுத்த ரிஷபம், ஸ-வுக்கு அரைச்சுரம்தான் மேலே. பள்ளியில் டோ ரே மி பாடிய பிள்ளை ஒரு முழுச்சுரம் தாண்டி சதுசுருதி ரிஷபத்தில் போய் நிற்கும். த-வும் அதே கதை. ஒட்டுமொத்தமாக சங்கராபரணம் என்ற வேறு ராகம் ஆகிவிடும், பிள்ளைக்கு அது தப்பாகவே தெரியாது. "கீழே, கீழே" என்று சொல்லிப் பயனில்லை. நி-ஸ் (ஸ் என்றால் மேல் ஸ) பாடவையுங்கள், அது அவர்களுக்கு ஏற்கெனவே வரும். அதே இடைவெளியை ஸ-விலிருந்து எடுக்கச் சொன்னால் ரி கிடைத்துவிடும். ஸரிகம நின்றபின் பதநிஸ் தனியாகக் கற்பிக்க வேண்டாம். இடைவெளிகள் அப்படியே அதே வரிசை, ஆரம்ப இடம் மட்டும் ப. ஆரம்பப் பாடத்துக்கு இந்த ராகம் பொருந்துவது இதனால்தான் என்பேன்.

தாளத்தில் ஒன்று: முதல் காலம் நிமிடத்துக்கு 60 தட்டு. இரண்டாம் காலம் (அதே தாளத்தில் இரட்டை வேகம்) வந்ததும் பாட்டோடு கையும் ஓடும். பாதிப் பேர் பாட, மீதிப் பேர் தாளம் மட்டும் போடட்டும். பிறகு மாற்றிவிடுங்கள்.

தகரக்கூரை:
சுருதி உங்களுக்கு வசதியானது அல்ல, பிள்ளைக்கு வசதியானது. இந்த வயதுக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள் (கட்டை என்பது ஸ எவ்வளவு உயரத்தில் என்ற அளவு) அமையும். சரளி வரிசை (ஸரிகம ஏற்ற இறக்கப் பயிற்சி) முதல் பாடம் கீழ் ஸ முதல் மேல் ஸ வரைதான். மேல் ஸ-வில் கழுத்து நரம்பு புடைத்து, தாடை தூக்கினால் அரைக்கட்டை இறக்குங்கள். ஃபோனில் தம்பூரா ஆப் போடுவதானால் ஒரு ஸ்பீக்கர் அவசியம். ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுருதி கேட்காது, பிள்ளை எதைப் பிடித்து நிற்கும்?

அப்புறம் நேரம். கோயில் மண்டபம் தகரக் கூரையாக இருந்தால் சாயங்கால வகுப்பு வேண்டவே வேண்டாம். நம்மூரில் நாலு மணிக்கு மேல் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, சுருதி எங்கே கேட்பது! காலை ஒன்பதரை நல்லது. 45 நிமிடம் போதும்: ஸ-ப-ஸ் அகாரம் (‘ஆ’ என்று இழுத்துப் பாடுவது) பத்து, சரளி இருபது, ஒவ்வொருவராகத் தனியே பத்து, கடைசியில் தேவாரம்.

கணக்குப்பிள்ளை:
தேவாரத்தைத் தனி வகுப்பாக்க வேண்டாம். சுந்தரரின் முதல் பதிகம் இந்தளப் பண் (பண் என்பது தேவாரத்தின் ராகம்). ஓதுவார்கள் அதை மாயாமாளவகௌளை, நாதநாமக்கிரியை ராக வழியில் பாடுவது வழக்கம். சரளியில் பிடித்த அதே ரி, த இங்கே உதவும், கோயில்காரர்களுக்கும் திருப்தி.

கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், மாதக் கட்டணமாக முன்கூட்டியே வாங்குங்கள். தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று வகுப்பு தள்ளிப்போகும். அப்போது "நாலில் ரெண்டுதானே நடந்தது" என்று ஒவ்வொரு வீட்டிலும் பேரம் நடக்கும். 40, 50 வெள்ளி (ரிங்கிட்) என்று ஆரம்பிக்கலாம். முடியாத குடும்பத்துக்குக் குறைப்பதைத் தலைவர் மூலம் செய்யுங்கள்.

மலகரி_பிள்ளை:
ரொம்ப நன்றி. 12 வயதுப் பையன்களுக்குக் குரல் உடைய ஆரம்பித்தால் நிறுத்திவிடணுமா அண்ணே?

ஆறரைக்கட்டை:
நிறுத்த வேண்டாம்மா. சுருதியை இறக்கி, மேல் ஸ இல்லாமல் ஸ முதல் ப வரை மட்டும் மெதுவாகப் பாடட்டும். கத்திப் பாடவைக்காதீங்க. எந்தக் கட்டை என்பது மாதத்துக்கு மாதம் மாறும், ஒவ்வொரு மாதமும் பாடவைத்துப் பாருங்க. தாளப் பொறுப்பையும் ஏழு அலங்காரத்தையும் (ஏழு தாளங்களில் வரும் சுரப் பயிற்சி) அவர்களிடம் கொடுத்தால் வகுப்பை விட்டுப் போகமாட்டார்கள்.